டைட்டில் கார்டை மறைத்துவிட்டால் இயக்குநரைச் சொல்லிவிடுவீர்களா?

#1 ஓரச்சட்டகம்

போன சனிக்கிழமை நானும் நாலு நண்பர்களும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடினோம். ஒருவர் ஏதாவதொரு படத்தின் நடுவிலிருந்து ஒரு நிமிடம் ஓட்டுவார், சத்தமில்லாமல். மற்றவர்கள் இயக்குநர் யாரென்று சொல்ல வேண்டும். நடிகர் முகத்தை வைத்துப் படத்தைப் பிடித்து, அதிலிருந்து இயக்குநருக்குப் போவது செல்லாது. எடுத்த விதம் மட்டும்தான் சாட்சி.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு மூன்று நொடிகூடத் தாங்கவில்லை. தரையோடு தரையாகக் கேமரா, அசையாத சட்டகம், பேசுகிறவர் கிட்டத்தட்ட நம் கண்ணையே பார்த்துப் பேசுகிறார், வேறு யார்? டேவிட் ஃபின்ச்சரை ஒருவர் பத்து நொடியில் பிடித்தார். ஹிட்ச்காக் கொஞ்சம் இழுத்தடித்தார், ஆனால் சிக்கிவிட்டார். அப்புறம் சிட்னி லூமெட்டின் இரண்டு படங்களிலிருந்து துண்டுகள் ஓடின. இரண்டிலும் எல்லோரும் அவுட்.

தோற்ற கடுப்பில் ஒரு நண்பர், “லூமெட்டுக்கு ஸ்டைலே கிடையாது. நல்ல கதை கிடைத்த நல்ல வேலைக்காரர், அவ்வளவுதான்” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்த இடத்தில் திருப்பிச் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். த்ரில்லர், டிராமா எடுக்கிறவர்களின் முத்திரை என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்? ஒரே ஒரு வேண்டுகோள்: “இருட்டு, மழை, சிவப்பு வெளிச்சம்” என்று பட்டியல் போடாதீர்கள். ஒரு காட்சியை எடுத்து, அதில் அவர் என்ன செய்கிறார் என்று சொல்லுங்கள்.

#2 கடைசி_வரிசை

ஹிட்ச்காக்கைக் கண்டுபிடிக்க என்ன கஷ்டம்? தன் படங்களில் எங்காவது அவரே குறுக்கே நடந்து போவாரே.

‘லைஃப்போட்’ (1944) முழுக்க நடுக்கடலில் ஒரு படகு. குறுக்கே நடக்கத் தெருவும் இல்லை, ஏறி இறங்கப் பேருந்தும் இல்லை. மனிதர் விட்டாரா? படகில் கிடக்கும் செய்தித்தாளில் உடல் இளைக்கும் மருந்து விளம்பரம், அதில் ‘முன்பு – பின்பு’ படமாக வந்து நின்றுவிட்டார். முத்திரை என்றால் இதுதான் முத்திரை. இழையை மூடிவிடலாம்.

#3 நிழல்வாசி

மூடுவதற்கு முன் ஒரு சாவியைக் காட்டிவிடுகிறேன்.

‘நொட்டோரியஸ்’ (1946). பெரிய மாளிகை, விருந்து நடக்கிறது. கேமரா மாடி உயரத்தில் நிற்கிறது: கீழே பளிங்குத் தரை, நடமாடும் விருந்தினர்கள், சிரிப்பு. அங்கிருந்து வெட்டே இல்லாமல் மெதுவாக இறங்குகிறது. கூட்டத்தில் இன்கிரிட் பெர்க்மன் தெரிகிறார். இன்னும் இறங்குகிறது. அவர் கை. மூடிய விரல்களுக்குள் ஒரு சாவி. கணவனின் ஒயின் நிலவறைச் சாவி, திருடியது.

இதைக் கேமரா வித்தை என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த இறக்கம் என்ன செய்கிறது பாருங்கள். இவ்வளவு பெரிய கூடத்தில் அத்தனை பேருக்கும் தெரியாத ஒன்று நம் கையில் திணிக்கப்படுகிறது. இனி யார் அவர் கையைப் பிடித்துக் குலுக்க வந்தாலும் நமக்கு வியர்க்கும். பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடன் பேசிய நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடியில் வெடிகுண்டு உதாரணம் எல்லோருக்கும் தெரியும்: குண்டு இருப்பது நமக்குத் தெரியாவிட்டால் 15 விநாடி அதிர்ச்சி, தெரிந்துவிட்டால் 15 நிமிடப் பதற்றம். அந்தச் சாவியும் மேஜைக்கடிக் குண்டுதான்.

‘சைக்கோ’வில் (1960) இதே வித்தையை நமக்கெதிராகவே திருப்புகிறார். குளியலறைக் கொலையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் பயங்கரம். விடுதிக்காரன் பிணத்தைக் காரில் வைத்துச் சேற்றுக்குட்டையில் தள்ளுகிறான். கார் அமிழ்கிறது, அமிழ்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அந்தச் சில நொடி “ஐயோ, முழுகு” என்று நினைக்காதவர் யாராவது உண்டா? கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அந்தப் பெண்ணோடு இருந்தவர்கள் நாம். இப்போது பிணத்தை மறைக்கத் துணை போகிறோம்.

ஆக, யாருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்று அவர் எடுக்கும் முடிவுதான் அவர் கையெழுத்து என்பேன். கேமராவை இறக்கும் கிரேனும் இல்லாமல், குறுக்கே நடக்கவும் செய்யாமல் இருந்தாலும் இதை வைத்து அவரைப் பிடித்துவிடலாம்.

#4 எடிட்டிங்_மேசை

ஃபின்ச்சரைப் பத்து நொடியில் பிடித்த நண்பர் எதை வைத்துப் பிடித்திருப்பார் என்று சொல்லட்டுமா? அவர் படங்களின் பச்சைச் சாயலை வைத்து என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம்.

நாற்காலியிலிருந்து ஒருவர் எழுகிறார். கேமராவும் அதே வேகத்தில் எழும். அவர் நின்ற நொடியில் அதுவும் நிற்கும். முந்தாது, பிந்தாது. தலையைத் திருப்பினால் அந்த அளவுக்கு மட்டும் கேமராவும் திரும்பும். மற்ற படங்களில் கேமராமேன் என்ற ஒரு ஆள், நடிகர் எழுவதைப் பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்குகிறார். அந்தத் துளி தாமதம் நமக்கு ஒரு மனிதத்தன்மையைத் தருகிறது. ஃபின்ச்சர் அந்தத் தாமதத்தைத் துடைத்துவிடுகிறார். தேவையைவிடப் பெரிய சட்டகத்தில் எடுத்து, எடிட்டிங்கில் நடுக்கத்தை நீக்கி மறுபடி சட்டகம் கட்டுவார்கள். ‘தி சோஷியல் நெட்வொர்க்’ (2010) படத்தின் முதல் காட்சிக்கு 99 டேக். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் காட்சி.

இதன் விளைவு ‘ஸோடியாக்’கின் (2007) நிலவறைக் காட்சியில் தெரியும். கொலைகாரன் என்று தான் சந்தேகிக்கும் ஆளைப் பற்றி விசாரிக்கக் கதாநாயகன் வேறொருவர் வீட்டுக்குப் போகிறான். ஒரு சினிமா சுவரொட்டியின் கையெழுத்து கொலைகாரனின் கையெழுத்தோடு ஒத்துப்போகிறது, அதைச் சந்தேகத்துக்குரியவன்தான் எழுதினான் என்று இவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார்: சுவரொட்டிகளை நான்தான் எழுதுவேன். அதற்கப்புறம் நிலவறைக்கு இறங்குகிறார்கள். மேலே யாரோ நடக்கும் மரத்தரைச் சத்தம். யாரும் யாரையும் தொடவில்லை, கத்தி இல்லை, துரத்தல் இல்லை. கேமராவும் பதறவில்லை. பதறாததுதான் பிரச்சினை. நம் கூட நிற்க அங்கே ஒருவரும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஒரு சொந்தக் கதை. சில வருடம் முன்பு ஒரு விளம்பரப் படத்துக்கு உதவி எடிட்டராக இருந்தேன். இயக்குநர் வந்ததும் கேட்டது “ஃபின்ச்சர் டோன்”. நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் பாவம், பச்சையையும் மஞ்சளையும் ஏற்றிக்கொண்டே போனார். எடுத்திருந்ததோ முழுக்கக் கையில் பிடித்த கேமரா, ஆட்டமோ ஆட்டம். கடைசியில் படத்தில் இருந்த எல்லோரும் மஞ்சள் காமாலை வந்து படகில் போகிறவர்கள் போல இருந்தார்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் அந்த ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அன்றிலிருந்து யாராவது இயக்குநர் பெயரையும் நிறத்தையும் சேர்த்துச் சொன்னால் எனக்குத் தலைவலி வரும்.

#5 கடைசி_வரிசை

“மஞ்சள் காமாலை வந்து படகில் போகிறவர்கள்”. அந்த விளம்பரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இணைப்பு கிடைக்குமா?

#6 எடிட்டிங்_மேசை

கிடைக்காது. வேலை வேண்டும்.

#7 மௌனத்திரை

முதல் பதிவில் டிராமா என்றும் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆறு பதிவுகளாகப் பிணமும் சாவியும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் இந்தப் பக்கம் வருகிறேன்.

நிழல்வாசி சார் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன், யாருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்பது. ஹிட்ச்காக் பாத்திரத்தைவிட நமக்கு அதிகம் கொடுப்பவர். அஸ்கர் ஃபர்ஹாதி அதற்கு நேரெதிர், கொடுக்காமல் விடுவதிலேயே படத்தைக் கட்டுபவர். ‘எ செபரேஷன்’ (2011) முதல் காட்சியில் விவாகரத்து கேட்கும் மனைவியும் வெளிநாடு வர மறுக்கும் கணவனும் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீதிபதி குரல் மட்டும் கேட்கிறது, ஆளைக் காட்டவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம். சரி, தீர்ப்பு சொல்லலாம் என்று நிமிர்ந்து உட்காருகிறோம்.

கொஞ்ச நேரம் கழித்து, நினைவு தப்பிய முதியவர் தெருவுக்கு இறங்கிவிடுகிறார். வேலைக்கார அம்மா அவரைத் தேடி ஓடுகிறாள். எதிரே வாகனங்கள். அந்த இடத்தில் வெட்டு. அடுத்த காட்சியில் வேறு ஏதோ நடக்கிறது, நாமும் அதை மறந்துவிடுகிறோம். அந்த வெட்டுக்குள் நடந்த ஒன்றுதான் வழக்கையே புரட்டிப்போடப் போகிறது என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளும் அப்படியே: தள்ளுவது தெரிகிறது, மாடிப்படியில் விழுவது தெரியவில்லை. நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு முக்கியமான சாட்சியத்தை மட்டும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார் மனிதர். இதை டிராமா என்பீர்களா, த்ரில்லர் என்பீர்களா? எனக்கு நகம் மிச்சமில்லை.

ஓசுவைத் தரையோடு கேமரா என்று மூன்று நொடியில் பிடித்தீர்கள். ‘லேட் ஸ்பிரிங்’ (1949) முழுக்க ஒரு மகளின் கல்யாணப் பேச்சுதான். அந்த மாப்பிள்ளையை நீங்கள் எங்கேயாவது பார்த்தீர்களா? கல்யாணத்தைப் பார்த்தீர்களா? இரண்டும் படத்தில் கிடையாது. மணப்பெண் அலங்காரத்தில் மகள் அப்பாவை வணங்குகிறாள், அப்புறம் அப்பா வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்து ஆப்பிள் சீவுகிறார். தோல் நீளமாக இறங்கி அறுந்து விழுகிறது, தலை குனிகிறது. வேறொருவர் எடுத்திருந்தால் உச்சக்காட்சியாக வைத்திருப்பதை ஓசு தூக்கிப் போட்டுவிட்டு, அதற்கு மறுபக்கம் உள்ளதை எடுத்திருக்கிறார். கேமரா உயரத்தை யார் வேண்டுமானாலும் டேப் வைத்து அளந்து காப்பியடிக்கலாம். இதை அடிக்க முடியாது.

#8 ஓரச்சட்டகம்

மேடம், இந்த ஆப்பிள் ஒரு உதை. நான் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளையைக் காட்டவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

#9 ஒலித்தடம்

சத்தமில்லாமல் ஓட்டினால் பாதி இயக்குநர்கள் சாட்சி சொல்லவே வர முடியாது ஐயா. விளையாட்டு விதியே தப்பு.

கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ (1974) எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவன், ஒரு ஜோடியின் பேச்சைப் பதிவு செய்கிறான். “வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான்” என்ற வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான். அழுத்தம் ‘கொன்று’வில் விழுகிறது, பாவம், பயந்து கிடக்கிறார்கள் என்று நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடைசியில் அதே வரி வரும்போது அழுத்தம் ‘நம்மை’யில் விழுகிறது. ஒரு சொல்லிலிருந்து பக்கத்துச் சொல்லுக்கு அழுத்தம் நகர்ந்ததில் பலியும் கொலையாளியும் இடம் மாறிவிடுகிறார்கள். இதைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டுங்களேன்.

மைக்கேல் மன்னின் ‘ஹீட்’டில் (1995) நடுத்தெருத் துப்பாக்கிச் சண்டை. வழக்கமாக ஸ்டூடியோவில் ஏற்றும் குண்டுச் சத்தத்துக்குப் பதில் படப்பிடிப்பில் பதிவானதையே வைத்திருக்கிறார். கட்டடங்களில் மோதித் திரும்பும் அந்த எதிரொலியை எந்த நூலகத்திலிருந்து எடுப்பது? மிகேல் ஹானெக்கே இன்னொரு கோடி. ‘கஷே’யில் (2005) பின்னணி இசை என்ற பேச்சே கிடையாது. ஒரு வீட்டு வாசலை அசையாமல் காட்டிக்கொண்டே இருக்கிறார், திடீரென்று பிம்பத்தில் ரீவைண்ட் கோடுகள் ஓடுகின்றன. இவ்வளவு நேரம் நாம் பார்த்தது படமே இல்லை, யாரோ அந்த வீட்டுக்கு அனுப்பிய வீடியோ நாடா. இசை மட்டும் இருந்திருந்தால் “இது படம்தான்” என்று நமக்கு ஒரு தைரியம் இருந்திருக்கும்.

அப்புறம் ‘சைக்கோ’. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேளாமல் வயலின் கீச்சலை எழுதிக்கொண்டு வந்தார், கேட்ட பிறகு இவர் மனம் மாறினார். இன்றைக்கு அந்தக் கீச்சலை ஹிட்ச்காக்கின் முத்திரை என்கிறோம். அது யாருடைய கையெழுத்து?

#10 நிழல்வாசி

நியாயமான கேள்வி, பழைய சண்டையும்கூட. படம் இயக்குநருடைய கையெழுத்துதானா என்ற அந்தச் சண்டை, 1954இல் ட்ரூஃபோ ‘கஹியே து சினிமா’ என்ற பிரெஞ்சு இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கியது. 1962இல் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ், இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கருத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கோட்பாடாக்கினார். மறு வருடமே இன்னொரு விமர்சகர் பாலீன் கேல் வரிந்துகட்டிக்கொண்டு கிழித்தார். அவர் கேட்டது ஏறக்குறைய நம் விளையாட்டைப் பற்றித்தான்: ஒரு இயக்குநரை அடையாளம் காண முடிவதாலேயே படம் எப்படி நல்ல படமாகும்?

ஹெர்மன் விஷயத்தில் என் பதில் இது. அவரைக் கூட்டிவந்ததும், தன் பேச்சைத் தானே மாற்றிக்கொண்டதும் ஹிட்ச்காக்கின் முடிவுகள். 1966இல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்தில் ஹெர்மன் எழுதியதைத் தூக்கி எறிந்ததும் அவர் முடிவுதான், அதற்கப்புறம் இருவரும் சேரவே இல்லை. பின்னால் வந்த படங்களில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குப் படும். ஆக, அந்தக் கையெழுத்தில் ஒரு எழுத்தாவது ஹெர்மனுடையது.

#11 ஒலித்தடம்

ஒரு எழுத்தா? பாதிக் கையெழுத்து சார்.

#12 பழைய_பிரிண்ட்

இசை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். தமிழில் பாட்டே இல்லாமல் ஒரு த்ரில்லர் 1954இலேயே வந்தாயிற்று, ‘அந்த நாள்’. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் செத்து விழுகிறான். ஆளுக்கொரு சாட்சியாக அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எடுத்தவர் யார்? எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர். உயிர் மூச்சே இசையாக இருந்த ஒரு மனிதர், இந்தப் படத்துக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார் பாருங்கள்.

மகேந்திரனும் அந்த வகைதான். ‘தங்கப்பதக்க’த்துக்கு வசனம் எழுதியவர். தியேட்டரில் வசனத்துக்குக் கைதட்டு வாங்கித் தந்தவர், தானே இயக்க வந்ததும் பேச்சைக் குறைத்துவிட்டார். ‘உதிரிப்பூக்கள்’ (1979) கடைசிக் காட்சியில் ஊரே சேர்ந்து கொடுமைக்கார நாயகனை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறது. யாரும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. உங்கள் எல்லோரையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவன் கொஞ்சம் பேசுகிறான், குழந்தைகளிடம் விடைபெறுகிறான், தண்ணீருக்குள் இறங்குகிறான். அதுவரை அவனை வெறுத்த நமக்கு, கரையில் நிற்கும் ஊர்க்காரர்களைப் பார்க்கக் கூசுகிறது. வசனம் எழுதத் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொள்ளும்போதுதான் அதற்கு இந்தக் கனம் வருகிறது.

மௌனத்திரை அம்மா ஓசுவைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கையில் இருப்பதை ஒருவர் எங்கே கீழே வைக்கிறார் என்று பாருங்கள்.

#13 எடிட்டிங்_மேசை

பழைய_பிரிண்ட் ஐயாவுக்கு ஒரு சலாம்.

கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவைப் பற்றி ஒருவரும் பேசாததால் நான் இழுத்து வருகிறேன். ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டை இவர் தானே வரைவார், வரைந்ததை மட்டும்தான் எடுப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று நாலு கோணத்தில் எடுத்து வைக்கும் பழக்கம் கிடையாது. எடிட்டராக எனக்கு இது பயமாக இருக்கிறது: மாற்று ஷாட் இல்லையென்றால் காட்சி சொதப்பும்போது எதை வைத்து ஒட்டுவது? ஆனால் அவ்வளவு கறாராகத் திட்டமிடுகிறவரின் படங்களில் ஆட்கள் வழுக்கி விழுந்துகொண்டே இருப்பார்கள், அதுதான் வேடிக்கை.

‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003). வயல்வெளியில் பிணம் கிடக்கிறது. ஒரே நீண்ட ஷாட். தடயத்தைக் காக்க வேண்டிய இடத்தில் சிறுவர்கள் ஓடுகிறார்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம் நிற்கிறது, பொறுப்பான அதிகாரி வரப்பிலிருந்து சறுக்கி விழுகிறார், ஒரே ஒரு காலடித் தடம் கிடைக்கிறது, அதன் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. சிரிப்பு வருகிறது. வழக்கு அந்த நிமிடமே செத்துவிட்டது என்பது சிரித்து முடித்த பிறகுதான் புரியும்.

கடைசியில், வருடங்கள் கழித்து அந்தத் துப்பறிவாளன் முதல் பிணம் கிடந்த கால்வாயை எட்டிப் பார்க்கிறான். கொஞ்ச நாள் முன்பு இன்னொருவரும் வந்து இப்படித்தான் எட்டிப் பார்த்தார் என்கிறாள் ஒரு சிறுமி. ஆள் எப்படி இருந்தார்? சாதாரணமாக. உடனே அவன் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறான். கொலைகாரன் எங்கோ ஒரு தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் வைத்த பார்வை அது. 1986 முதல் 1991 வரை நிஜமாக நடந்த கொலைகள். 2019இல் மரபணுச் சோதனையில் ஆள் தெரிந்தபோது, அவன் வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தான்.

அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு, கடைசி ஷாட்டில் கதாநாயகன் கேமராவை முறைக்கும் குறும்படங்கள் குறைந்தது பத்தாவது என் மேஜைக்கு வந்திருக்கும். யாரைப் பார்க்கிறான் என்று கேட்டால் பதில் இருக்காது.

#14 புதுவரவு

வணக்கம். இப்போதுதான் இப்படிக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். எல்லாப் பெயரையும் குறித்துக்கொண்டேன், பட்டியல் பயமுறுத்துகிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?

#15 மௌனத்திரை

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். பத்து இயக்குநரின் பத்துப் படத்தைவிட, ஒருவரின் மூன்று படத்தை ஒரே வாரத்தில் பாருங்கள். இரண்டாவது படத்தில் “இதை எங்கேயோ பார்த்தோமே” என்று தோன்றும். மூன்றாவதில் அவர் அதைச் செய்யாமல் விட்ட இடம் கண்ணில் படும். அதைக் குறித்து வையுங்கள்.

ஒரே ஒரு காட்சி மட்டும் வேண்டுமென்றால் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) தொடக்கம். பெரிய வீடு, வேலை இல்லாத மதியம். கைப்பிடி வைத்த கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். கணவன் புத்தகத்தோடு அவளைக் கவனிக்காமல் கடந்து போகிறான். உடனே அதே கண்ணாடியை உயர்த்தி அவனையும் பார்க்கிறாள், தெருவில் போகிறவனைப் பார்ப்பது போல. அந்தக் கல்யாணம் முழுதும் அங்கே தெரிந்துவிடும். பேச்சே கிடையாது.

#16 ஃபோகஸ்_புல்லர்

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், ஷூட்டிங். லூமெட்டை யாரும் காப்பாற்ற வரவில்லையா?

‘12 ஆங்கிரி மென்’ (1957). அவருடைய முதல் படம், கேமரா போரிஸ் காஃப்மன். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறை, தீர்ப்பில் ஒருமனப்படும் வரை பூட்டிய கதவுக்குள் பன்னிரண்டு ஜூரிகள். முதல் மூன்றில் ஒரு பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலிருந்து எடுத்திருக்கிறார்கள். அடுத்த பகுதி கண் மட்டத்தில். கடைசிப் பகுதி கண் மட்டத்துக்குக் கீழிருந்து. கூடவே லென்ஸும் மாறிக்கொண்டே போகிறது: அகல (வைட்) லென்ஸில் தொடங்கி வரவர நீள லென்ஸ். நீள லென்ஸ் போட்டால் பின்சுவர் ஆளின் முதுகுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கீழிருந்து எடுப்பதால் கூரையும் சட்டகத்துக்குள் இறங்கும். சுவர் நெருங்குகிறது, கூரை இறங்குகிறது, ஆனால் அறை அதே அறை. கடைசியில் எல்லோரும் கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது படத்திலேயே மிக அகலமான லென்ஸைப் போட்டு உயரத்திலிருந்து காட்டுகிறார். மூச்சு விடுகிறோம்.

இது என் ஊகம் கிடையாது, ‘மேக்கிங் மூவீஸ்’ புத்தகத்தில் அவரே விளக்கியிருக்கிறார். ஸ்டைல் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் கட்சி. ஒரு நிமிடத் துண்டில் நீங்கள் பிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம், அவர் நிமிடக் கணக்கில் எழுதவில்லை.

ஒரு கேமரா உதவியாளனாகச் சொல்கிறேன்: கையில் ஸூம் லென்ஸ் இருந்தும் அதைத் திருகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செட்டில் நின்றால்தான் தெரியும்.

#17 ஓரச்சட்டகம்

ஃபோகஸ்_புல்லர் அண்ணா, நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் படித்துவிட்டு அதே நாலு பேரையும் மறுபடி கூட்டினேன். இந்தத் தடவை இயக்குநர் யார் என்று கேட்கவில்லை. ‘12 ஆங்கிரி மென்’னிலிருந்து மூன்று ஷாட்டை நிறுத்திப் படமாக எடுத்து, யார் பேசுகிறார், எந்தக் கட்டம் என்று தெரியாத மாதிரி கலைத்துப் போட்டேன். எது முதலில், எது கடைசியில் என்று அடுக்கச் சொன்னேன்.

மூன்று பேர் சரியாக அடுக்கிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் விளக்கத் தெரியவில்லை. “இதில் இடம் இருக்கிறது, இதில் இல்லை” என்றார் ஒருவர். கூரையை யாருமே கவனிக்கவில்லை, நான் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பார்த்தார்கள். நானும் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன், அந்தக் கூரையை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

தப்பாக அடுக்கியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

#18 கடைசி_வரிசை

“ஸ்டைலே கிடையாது” நண்பர்தானே? தீர்ப்பை வாபஸ் வாங்கினாரா?

#19 ஓரச்சட்டகம்

இன்னும் இல்லை. மூன்றுக்கு ஒன்றில் நிற்கிறது. கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம்.